மலை சொல்லும் பழைய குளிர்: கடற்கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில், தொண்டியில் இருந்து வாலிநோக்கம் வரை தேடினாலும், மலை என்று ஒன்று கிடையாது. ராமேஸ்வரத்துக் கெந்தமாதன பர்வதம் பெயரளவில்தான் பர்வதம். ஏறிப் பார்த்தால் மேடு. ஆனாலும் பனியாறு, பனியுகம் பற்றிக் கேட்பவர்கள் இங்கே நிறைய. பள்ளிப் பிள்ளைகள், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள், அப்புறம் லடாக்கிலோ காஷ்மீரிலோ பட்டாளத்தில் இருக்கும் மகன் அனுப்பிய படத்தைப் போனில் காட்டி, "இந்த மலை ஏன் சார் இப்படிச் செதுக்கி வச்ச மாதிரி இருக்கு?" என்று கேட்கும் பெற்றோர். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே.

கடற்கரையில் இருக்கிற நமக்கு மலைப் பனி எதற்கு?

நம் கடலே ஒரு காலத்தில் இங்கே இல்லை, அதற்காகத்தான். சுமார் 21,000 ஆண்டுகளுக்கு முன்பு, கடைசிப் பனியுகம் உச்சத்தில் இருந்தபோது, உலகக் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே இருந்தது. பாக் விரிகுடாவின் ஆழம் பெரும்பாலும் ஆறேழு பாகத்துக்குள் (ஒரு பாகம் ஏறத்தாழ 1.8 மீட்டர்) அடங்கிவிடும். கடல் 120 மீட்டர் இறங்கினால் அங்கே என்ன மிஞ்சும்? மண்டபத்தில் இருந்து தலைமன்னாருக்கு நடந்தே போயிருக்கலாம். யானையும் சிறுத்தையும் இலங்கைக்குப் போய்ச் சேர்ந்தது இப்படிக் கடல் விலகிய காலங்களில்தான்.

அந்தத் தண்ணீரெல்லாம் நிலத்தின் மேல் பனிக்கட்டியாக ஏறிக் கிடந்தது. அது எங்கே கிடந்தது, எப்போது கிடந்தது என்பதை மனிதன் முதலில் படித்துத் தெரிந்துகொண்டது மலைச் சரிவுகளில் இருந்து.

அப்படியானால் இமயமலைப் பனி உருகித்தான் நம் கடல் நிரம்பியதா?

இல்லை. நிரப்பியது பெரும்பாலும் வட அமெரிக்காவையும் வட ஐரோப்பாவையும் மூடிக்கிடந்த, கிலோமீட்டர் கணக்கில் தடிமன் கொண்ட பனிப்படலங்கள். மலைப் பனியாறுகளின் பங்கு சொற்பம். இன்று கிரீன்லாந்து, அண்டார்டிகா பனிப்படலங்களை விட்டுவிட்டு, மற்ற பனியாறுகள் அத்தனையும் உருகினாலும் கடல் அரை மீட்டர்கூட உயராது. தனுஷ்கோடி சாலைக்கு அதுவே அதிகம் என்பது வேறு விஷயம்.

மலைப் பனியாறு சின்னது என்பதே அதைப் படிப்பவருக்கு வசதி. தட்பவெப்பம் கொஞ்சம் மாறினாலும் சில பத்தாண்டுகளில் நீளும், சுருங்கும். எந்த உயரம் வரை வந்தது என்ற அடையாளத்தையும் விட்டுவிட்டுப் போகும். அந்த உயரம்தான் கணக்குக்கு முதல்.

எந்தெந்த உருவங்கள் பழைய குளிரைக் காட்டும்?

ஆண்டுதோறும் விழும் பனி கோடையில் முழுதாக உருகாமல் மிச்சப்பட்டு, மேலும் மேலும் சேர்ந்து, தன் எடையாலேயே இறுகிக் கட்டியாகி, சரிவில் மெல்ல நகரத் தொடங்கினால் அது பனியாறு. நகரும்போது பாறையைத் தேய்க்கும், தேய்த்ததைச் சுமக்கும். உருவங்கள் எல்லாம் இந்த இரண்டு வேலையில் பிறந்தவை.

தேய்த்ததில் முக்கியமானது சர்க். உச்சிக்குக் கீழே மூன்று பக்கமும் செங்குத்துச் சுவர், ஒரு பக்கம் திறப்பு, நடுவில் குழி; பனி போன பிறகு அந்தக் குழியில் பெரும்பாலும் ஏரி நிற்கும். இரண்டு சர்க்குகள் முதுகோடு முதுகு முட்டினால் நடுவில் மிஞ்சும் கூர்முகடு அரெட். பல பக்கமும் அரித்துக் கொம்பாக நின்றால் மேட்டர்ஹார்ன் போன்ற சிகரம். பனியாறு போன பாதை யு வடிவப் பள்ளத்தாக்கு. இவையெல்லாம் பாடப்புத்தகத்தில் படத்தோடு இருப்பதால் இதோடு விடுகிறேன்.

மொரைன் பற்றிப் புத்தகம் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறது, அதுதான் குறை. பனியாறு சுமந்து வந்த கல்லும் மண்ணும் அதன் ஓரத்திலும் முனையிலும் கரையாகக் குவிந்தால் அது மொரைன். ஓதம் ஏறி இறங்கிய பிறகு, தண்ணீர் எதுவரை வந்தது என்பதைக் கரையில் ஒதுங்கிய பாசியும் கிளிஞ்சலும் காட்டுகிறதே, முனை மொரைனும் அதே வேலையைத்தான் செய்கிறது. ஒன்றுக்குப் பின் ஒன்றாக நாலைந்து வளைந்த கரைகள் பள்ளத்தாக்கின் குறுக்கே நின்றால், பனியாறு ஒரே மூச்சில் பின்வாங்கவில்லை, நின்று நின்று போயிருக்கிறது என்று அர்த்தம்.

கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய சாட்சி ஒன்றும் உண்டு: கீறல் கல். ஆற்றுக் கூழாங்கல்லைப் போல முழு உருண்டையாக இருக்காது. ஒரு முகம் மட்டையாகத் தேய்ந்திருக்கும், விளிம்புகள் மட்டும் மழுங்கியிருக்கும். தேய்ந்த முகத்தை வெயிலுக்குச் சாய்த்துப் பிடித்தால் மெல்லிய கோடுகள் தெரியும்; நகத்தை ஓட்டினால் தட்டுப்படும். பெரும்பாலான கோடுகள் கல்லின் நீளவாக்கில் ஒன்றுக்கொன்று இணையாக ஓடும். சில மட்டும் குறுக்கே போகும். பனிக்கடியில் அந்தக் கல் ஒருமுறை புரண்டுவிட்டது, அதனால் அப்படி. அடிப்பாறையிலும் இதே கீறல்கள் இருக்கும். பனி எந்தத் திசையில் போனது என்பதை அவை காட்டிக்கொடுத்துவிடும்.

பனியாறே வராத அளவுக்கு வறண்ட மலைகளில்?

பனி விழாவிட்டாலும் நிலம் உறையும். உடைந்த கற்களுக்கு இடையே பனிக்கட்டி நிரம்பி, கல்லும் பனியும் ஒரே கூழாகச் சரிவில் ஊர்ந்தால் அதைப் பாறைப் பனியாறு என்பார்கள். லடாக்கில் நிறைய உண்டு. இன்று அசையாமல் செத்துக் கிடக்கும் பாறைப் பனியாறு ஒன்றின் கீழ்முனை 4,000 மீட்டரில் இருந்தால், அந்த உயரத்தில் ஒரு காலத்தில் நிலம் வருடம் முழுக்க உறைந்தே கிடந்தது என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஆறும் பள்ளத்தாக்கை வெட்டும், மழையும் மலையைச் சரிக்கும். பனியாறு செய்ததுதான் என்று எப்படி உறுதியாகச் சொல்வது?

இங்கேதான் படித்தவர்களே வழுக்கி விழுந்திருக்கிறார்கள். ஆறு வெட்டினால் வி வடிவம், பனியாறு வெட்டினால் யு வடிவம் என்பது தேர்வுக்குச் சரி. மலையில் யு வடிவத்தின் அடியை ஆறு மறுபடி வெட்டி வி ஆக்கியிருக்கும். வி வடிவத்தின் அடியில் வண்டல் நிரம்பி யு மாதிரித் தெரியும்.

மொரைனில் வரும் குழப்பம் இன்னும் பெரிது. பெரும் பாறைச்சரிவு ஒன்று பள்ளத்தாக்கை அடைத்துக்கொண்டு விழுந்தால் அதுவும் கல்லும் தூளும் கலந்த கரைதான். காரகோரத்தில் மொரைன் என்று பல காலம் நம்பப்பட்ட பல குவியல்கள் உண்மையில் பாறைச்சரிவுகள் என்று கனடா நாட்டு ஆய்வாளர் கென்னத் ஹெவிட் 1990களில் எடுத்துக்காட்டினார். அந்தக் குவியல் மொரைன் இல்லை என்றால், பனியாறு அங்கே வந்ததற்கு அது சாட்சி இல்லை. அதை வைத்துப் போட்ட வெப்பநிலைக் கணக்கும் போச்சு.

ஆகவே ஒரே அடையாளத்தை நம்பக் கூடாது. சரிவுக் குவியலில் பெரும்பாலும் மேலே இருக்கும் சுவரின் ஒரே பாறைவகை இருக்கும். உடைந்த துண்டுகள் பொருத்தினால் சேரும்படி பக்கத்துப் பக்கத்திலேயே கிடக்கும். மொரைனில் பள்ளத்தாக்கு முழுவதில் இருந்தும் வந்த பல வகைக் கற்கள், வீட்டளவு பாறையில் இருந்து மாவு போன்ற தூள் வரை, தரம் பிரியாமல் கலந்திருக்கும். அதோடு கீறல் கல்லும், மேலே சர்க்கும் சேர்ந்து கிடைத்தால் சந்தேகம் குறையும்.

ஒரு கல்குவியலைப் பார்த்து "இத்தனை டிகிரி குளிர்" என்று எப்படிச் சொல்கிறார்கள்?

ஒவ்வொரு பனியாற்றிலும் ஒரு உயரம் உண்டு. அதற்கு மேலே ஆண்டு முழுவதும் சேர்வது அதிகம், கீழே உருகுவது அதிகம். வரவும் செலவும் சமமாகும் அந்த இடம் சமநிலைக் கோடு. பழைய மொரைன்களை வைத்து அந்தக் காலத்துப் பனியாற்றின் எல்லையை வரைபடத்தில் வரைவார்கள். நல்ல நிலையில் உள்ள பனியாற்றில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்குப் பரப்பு சமநிலைக் கோட்டுக்கு மேலே இருக்கும் என்பது இன்றைய பனியாறுகளை அளந்து கண்ட வழக்கம். அதைப் பழைய எல்லைக்குள் போட்டால் பழைய கோட்டின் உயரம் கிடைத்துவிடும்.

ஒரு கற்பனைக் கணக்கு பாருங்கள். இன்று கோடு 5,000 மீட்டரில், பழைய கோடு 4,300 மீட்டரில். இறக்கம் 700 மீட்டர். மலையில் 1,000 மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். 700 மீட்டருக்கு 4.5 டிகிரி சொச்சம். ஆகவே அப்போது அந்த மலை இன்றைவிட அவ்வளவு குளிராக இருந்தது என்று விடை வரும்.

கணக்கு சுலபம். "மற்றதெல்லாம் இன்றைப் போலவே இருந்தால்" என்று அதற்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. அடுத்த கேள்வி அதைத்தான் பிடிக்கிறது.

குளிர் கூடினால் பனியாறு வளரும், குளிர் குறைந்தால் சுருங்கும். அவ்வளவுதானே?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள்.

பனியாற்றுக்குக் குளிர் மட்டும் போதாது, பனி விழ வேண்டும். பனி விழ ஈரக்காற்று வேண்டும். மத்திய இமயமலையின் பல பனியாறுகளுக்குத் தீனி போடுவது கோடைப் பருவமழை. கீழே மழையாகப் பெய்வது அங்கே மேலே பனியாக விழுகிறது. கங்கோத்ரி பனியாற்றை எடுத்துக்கொள்வோம். இன்று அது கோமுகில் முடிகிறது. பாகீரதிப் பள்ளத்தாக்கில் அதன் பழைய மொரைன்கள் சுமார் 40 கிலோமீட்டர் கீழே, ஜாலா என்ற ஊர் வரை இருக்கின்றன. அவ்வளவு தூரம் அது நீண்டது உலகமே உச்சக் குளிரில் இருந்த 21,000 ஆண்டுகளுக்கு முன்பு என்றுதானே நினைப்போம்? வயது பார்த்தபோது வந்த விடை சுமார் 60,000 ஆண்டுகள். உலகக் குளிர் உச்சத்தில் இருந்தபோது அதே பனியாறு அந்த எல்லைக்குப் பக்கத்தில்கூட வரவில்லை.

காரணம், உச்சக் குளிரில் பருவமழை தளர்ந்துவிட்டது. கடல் குளிர்ந்தால் ஆவியாவது குறையும், நிலமும் சூடேறாது, காற்று ஈரத்தை உள்ளே இழுத்துவராது. குளிர் இருந்தது, தீனி இல்லை. அதற்கு முன்பு குளிர் அவ்வளவு இல்லாவிட்டாலும் பனி கொட்டியது.

ஆகவே மொரைன் காட்டும் இறக்கத்தில் குளிருக்கு எவ்வளவு பங்கு, ஈரத்துக்கு எவ்வளவு பங்கு என்று பிரிக்காமல் டிகிரி சொல்வது அரைக் கணக்கு. பிரிப்பதற்கு ஏரிச் சேறு, மகரந்தம், குகைச் சுண்ணாம்புப் படிவு என்று வேறு சாட்சிகளைக் கூப்பிட வேண்டும். வானம் பார்த்த கண்மாய் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபமாகவே இருக்கிறது. சிரமப்படுவது "பனியுகம் என்றால் எங்கும் பனி பெருகும்" என்று படித்தே பழகியவர்கள்தான்.

வயதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

இன்று அதிகம் நம்பப்படுவது பெரிலியம்-10. விண்வெளியில் இருந்து வரும் கதிர்கள் பாறையின் மேல்தோலில் உள்ள குவார்ட்சைத் தாக்கும்போது இந்த அணு கொஞ்சம் கொஞ்சமாக உண்டாகிறது. பனியாறு மொரைன் மேல் ஒரு பாறையை இறக்கி வைத்த நாளில் இருந்து அந்தச் சேர்மானம் தொடங்கும். மேல்தோலில் கொஞ்சம் வெட்டியெடுத்து எண்ணினால் எவ்வளவு காலம் வெட்டவெளியில் கிடந்தது என்று தெரியும். பாறை பின்னால் புரண்டிருந்தால் வயது குறைத்துக் காட்டும். அதனால் ஒரே மொரைனில் பல பாறைகளை எடுப்பார்கள்.

மணல் துகள் கடைசியாக வெயில் பட்டது எப்போது என்று சொல்லும் ஒளிர்வு முறை இன்னொன்று. மேலே சொன்ன பாகீரதி வயது அப்படி வந்தது. இலையோ கரியோ சிக்கினால் கதிரியக்கக் கார்பன். சில நூறு ஆண்டுக் கணக்குக்குப் பாறைமேல் வட்டமாக வளரும் லைக்கனின் விட்டத்தை அளப்பதும் உண்டு.

இதையெல்லாம் முதலில் கண்டுபிடித்தது யார்?

புத்தகங்கள் லூயி அகாசி என்று சொல்லும். அவர் 1837-ல் சுவிட்சர்லாந்தின் நியூஷாட்டெல் நகரில் பனியுகம் பற்றிப் பேசினார், 1840-ல் நூல் வெளியிட்டார். ஆனால் அவருக்கு முன்பே இக்னாஸ் வெனெட்ஸ், ழான் த ஷார்ப்பென்டியர் என்று இருவர் உண்டு. அவர்களுக்கும் முன்னால் பெர்ரோடின் என்ற மலை வேட்டைக்காரர். பள்ளத்தாக்கின் பாறைக் கீறல்களைப் பார்த்து, பனியாறு ஒருகாலத்தில் இதுவரை வந்திருக்கிறது என்று அவர் சொன்னபோது பெரியவர்கள் முதலில் நம்பவில்லை. எந்தப் பார் (கடலடிப் பாறைத்திட்டு) எங்கே இருக்கிறது என்று நம் கடலோடிகள் சொல்வதையும் வரைபடத்தில் ஏறிய பிறகுதான் நம்புகிறார்கள். அது ஒன்றும் புதிதில்லை.

இந்தியாவில் ஹெல்மூட் தெ தெர்ராவும் பேட்டர்சனும் காஷ்மீர் மொரைன்களைப் படித்து 1939-ல் நூல் வெளியிட்டார்கள். ஆல்ப்ஸில் நான்கு பனியுகம் என்று அப்போது நிலவிய கருத்துக்கு ஏற்ப இங்கேயும் நான்கைப் பொருத்தினார்கள். வயது பார்க்கும் வசதி வந்த பிறகு அந்தப் பொருத்தம் நிற்கவில்லை.

மலை ஒன்று சொல்லி, கடல் வேறொன்று சொன்னால்?

அப்படி நடந்திருக்கிறது. 1976-ல் கிளைமாப் என்ற ஆய்வுத் திட்டம், கடலடிச் சேற்றில் கிடைத்த நுண்ணுயிர் ஓடுகளை வைத்து, பனியுகத்தில் வெப்பமண்டலக் கடல் பெரிதாகக் குளிரவில்லை, பல இடங்களில் 2 டிகிரிகூட இல்லை என்றது. ஆனால் வெப்பமண்டல மலைகளில் பனிக்கோடு 900 மீட்டர் அளவுக்கு இறங்கியிருந்தது. அதைப் போட்டால் 5 டிகிரிக்கு மேல். இரண்டும் எப்படிச் சேரும் என்று வருடக்கணக்கில் வாதம் நடந்தது. இன்று நிற்கும் இடம் நடுவில்: கடல் முதலில் சொன்னதைவிட அதிகமாகவே குளிர்ந்தது, காற்று வறண்டிருந்ததால் உயரம் ஏற ஏற வெப்பம் இன்றைவிட வேகமாகக் குறைந்தது, அதனால் மலை இன்னும் கூடுதலாகக் குளிர்ந்தது. 6.5 என்ற அந்த எண்ணே காலத்துக்குக் காலம் மாறும் என்பதைக் கவனிக்கவும்.

ஊட்டியில் பனியாறு இருந்ததா?

இல்லை, கணக்கே சொல்லிவிடும். ஊட்டி 2,240 மீட்டரில் இருக்கிறது. ஆண்டுச் சராசரி வெப்பம் 14 டிகிரியை ஒட்டி. தொட்டபெட்டா உச்சி 2,637 மீட்டர், இன்னொரு இரண்டரை டிகிரி குறையும். பனியுகத்துக்காக 6 டிகிரியைக் கழித்தாலும் 5 டிகிரிக்கு மேல் மிஞ்சுகிறது. பனி நிலைக்காது. போர்னியோவின் கினபாலு மலை நிலநடுக்கோட்டுக்கு ஊட்டியைவிடப் பக்கத்தில் இருந்தும் அங்கே பனி மூடியதற்கான தேய்மானம் இருக்கிறது. அதன் உயரம் 4,095 மீட்டர்.

நீலகிரி பழைய குளிரைச் சொல்வது சதுப்புகளில் புதைந்த கரிமண்ணில். மரம் செடி ஒருவகைக் கார்பன் விகிதத்தையும், வறட்சி தாங்கும் புல் வேறொரு விகிதத்தையும் மண்ணில் விட்டுச் செல்லும். 1993-ல் வெளியான ஆய்வில் சுமார் 20,000 முதல் 16,000 ஆண்டுகளுக்கு முந்தைய அடுக்குகளில் வறட்சிப் புல்லே ஓங்கியிருந்தது. கங்கோத்ரி சொன்ன அதே செய்திதான்: குளிர், கூடவே மழைக்குறைவு.

கொடைக்கானல் ஏரி பனியாறு தோண்டியதா?

இல்லை. 1863-ல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் ஏற்பாட்டில் கரை கட்டித் தேக்கியது.

தெற்கே பனியாற்றுத் தடயமே கிடையாதா?

உண்டு, ஆனால் வேறு யுகம். ஒடிசாவில் தால்ச்சேர் பக்கம் பாறாங்கற்கள் சேறோடு கலந்து இறுகிய படிவத்தை 1856-ல் பிளான்ஃபோர்ட் சகோதரர்கள் பனியோடு தொடர்புபடுத்தினார்கள். மகாராஷ்டிரத்தின் சந்திரப்பூர் அருகே இராய் என்ற இடத்தில் கீறல் விழுந்த அடிப்பாறையே கிடக்கிறது. வயது சுமார் 30 கோடி ஆண்டு. இந்தியா அப்போது தென் துருவப் பக்கம் கோண்டுவானா என்ற பழைய பெருங்கண்டத்தில் ஒட்டியிருந்தது. சர்க்கும் மொரைன் கரையும் எப்போதோ அழிந்துவிட்டன. அதை வைத்து இமயமலைப் பனியுகத்தைப் பேசக் கூடாது. தேர்வில் இந்த இரண்டையும் கலந்து எழுதுகிறவர்கள் நிறையப் பேர்.

பாம்பன் கரையில் தண்ணீருக்கு மேலே நிற்கும் முருகைக்கல்லும் இந்தக் கணக்கில் சேருமா?

சேரும், கதையின் கடைசிப் பகுதியாக. தீவின் வடகரையில், பாக் விரிகுடாப் பக்கம், வற்றின நேரத்தில் போய்ப் பாருங்கள். உடைந்து ஒதுங்கிய கல் இல்லை. முளைத்த இடத்திலேயே, முளைத்த நிலையிலேயே செத்துப்போன பவளம். உயிரோடு இருந்தபோது அது தண்ணீருக்குள்தான் இருந்திருக்க முடியும். இந்தப் பழைய பாரின் கதிரியக்கக் கார்பன் வயது சுமார் 4,000 ஆண்டு. பனிப்படலங்கள் உருகி முடிந்து கடல் இன்றைய மட்டத்தையும் சற்றுத் தாண்டி நின்றதா, நிலம் கொஞ்சம் எழும்பியதா என்று இரண்டு வழியிலும் இதை விளக்கலாம்.

கடல் 120 மீட்டர் இறங்கியது என்ற எண்ணும் பவளத்தில் இருந்து வந்ததே. கரீபியனில் பார்படோஸ் தீவுக்கு அருகே கடலடியைத் துளைத்து, மேல்நீரில் மட்டுமே வளரும் மான்கொம்புப் பவளம் எந்த ஆழத்தில் புதைந்திருக்கிறது என்று பார்த்து 1989-ல் சொன்னார்கள்.

லடாக்கில் இருக்கும் மகனிடம் எதைப் பார்க்கச் சொல்லட்டும்?

முதலில், படம் எடுக்கக் கூடாத இடத்தில் எடுக்க வேண்டாம். அது அவருக்கே தெரியும். விடுப்பில் சுற்றிப் பார்க்கும்போது கார்கிலில் இருந்து பதும் போகும் சாலையில் பென்சி லா கணவாய் வரும். அங்கிருந்து டிராங் டிருங் பனியாறு நன்றாகத் தெரியும். வெள்ளை நாக்கை மட்டும் எடுக்காமல், அதன் இருபுறமும் சரிவில் சாம்பல் நிறத்தில் ஓடும் கரைகளையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். பனி முன்பு எவ்வளவு தடிமனாக இருந்தது என்பது அந்தக் கரையின் உச்சியில் தெரியும்.

கல்லை எடுக்கும்போது பக்கத்தில் பேனாவோ தீப்பெட்டியோ வைத்தால் அளவு புரியும். நிற்கும் இடத்தின் உயரத்தைப் போனில் பார்த்துக் குறிக்கட்டும். எந்தத் திசை பார்த்த சரிவு என்பதையும் குறித்தால் நல்லது. வடக்குப் பார்த்த சரிவில் வெயில் குறைவு என்பதால் பனி கூடுதல் தாழ்வு வரை நிற்கும். கல்லை ஊருக்குக் கொண்டுவர வேண்டாம். எந்த மொரைனில், எந்த உயரத்தில் கிடந்தது என்று தெரியாவிட்டால் அது வெறும் கல்தான்.